மைக் செட் மாமாவின் மலிவு டிக்கெட்

களியக்காவிளையில் இருந்துகொண்டு ‘டிக்கெட் கிடைச்சாச்சு’ என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தது 2003-இல். எங்கள் ஊரிலிருந்து நாலு எட்டு வைத்தால் கேரளம், அங்கே வரிசையாக லாட்டரிக் கடை. ஆகையால் எங்கள் ஊரில் டிக்கெட் என்றால் ஒரே அர்த்தம்தான். இது தெரிந்தும் சாயாக்கடையில் சொல்லித் தொலைத்தேன்.

“எவ்வளவு?” என்றார் கடைக்காரர், ஆற்றிக்கொண்டிருந்த சாயாவை நிறுத்திவிட்டு.

“ஆறாயிரத்து ஐந்நூறு.”

“அடிச்சுதா?”

“இல்லண்ணே, குடுத்தேன். பாட்டுக் கச்சேரிக்கு.”

அன்றைக்கு எனக்கு வந்த சாயாவில் சீனி இல்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

கேசட் காலத்திலிருந்து நான் கேட்டுவரும் வெளிநாட்டு ராக் குழு ஒன்று கேரளத்துக்கு வருகிறது. குழுவின் பெயரும் வேண்டாம், மைதானத்தின் பெயரும் வேண்டாம். பாறசாலையில் ரயிலேறி, திருவனந்தபுரத்தில் இறங்கி வேறு ரயில் மாறிப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் மச்சானுக்கும் மேடையை ஒட்டிய ‘ஃபேன் பிட்’. கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் பக்கவாட்டு கேலரியில் நாற்காலி. மாமாவுக்கு, எல்லாருக்கும் பின்னால், இருப்பதிலேயே மலிவான 999 ரூபாய் டிக்கெட்.

மாமா அம்மாவின் தம்பி. முப்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடை, சர்ச் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் தென்னையில் ஏறிக் கோளாம்பி கட்டியவர் அவர்தான். வெற்றிலை துப்புகிற கோளாம்பி மாதிரி வாய் விரிந்திருப்பதால் அந்த ஸ்பீக்கருக்கு இந்தப் பக்கம் அந்தப் பெயர். ராக் இசைக்கும் மாமாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. “வெள்ளக்காரன் எப்படி மைக் கட்டுகான்னு ஒருக்கா பாக்கணும் மக்கா, அவ்வளவுதான்” என்று சொல்லி ஒட்டிக்கொண்டார். ஃபேன் பிட் என்றால் என்ன என்று மகள் விளக்கியபோது அவர் கேட்ட ஒரே சந்தேகம் இது:

“நின்னுட்டு பாக்கதுக்கா இவ்வளவு? பஸ்ஸுல நிக்கவனுக்கு டிக்கெட் கூடுதலா வாங்குவானா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கு மலிவு டிக்கெட் எடுத்தது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது.

ரயிலில் மகள் மாமாவுக்கு ராக் வரலாறு எடுத்தாள். 1965 ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது ஐம்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். அதற்கென்றே 100 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர்கள் செய்து கொடுத்தார்களாம். பாடுகிற குரல் மைதானத்தின் அறிவிப்பு ஸ்பீக்கர்கள் வழியாகப் போனது. கூட்டம் போட்ட கூச்சலில் மேடையில் இருந்தவர்களுக்கே அவர்கள் வாசித்தது சரியாகக் கேட்கவில்லை. மாமா கையிலிருந்த ஏத்தங்காய் சிப்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

“நூறு வாட்ஸா? அம்பதாயிரம் பேருக்கா? நம்ம ஊரு சடங்கு வீட்டுக்கே அதுக்கு மேல வைப்பேனே! என்னைக் கூப்பிட்டிருக்கலாம்.”

“அப்போ நீங்க பிறந்தே இருக்க மாட்டீங்க தாத்தா.”

“பிறந்தாச்சு. கூப்பிடத்தான் ஆளில்ல.”

அடுத்து அவள் சொன்னதுதான் மாமாவை நிமிர்ந்து உட்காரவைத்தது. 1974-இல் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு ஏறத்தாழ 600 ஸ்பீக்கர்களைச் சுவர் மாதிரி அடுக்கி, தங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்தியது. மொத்தம் 75 டன் எடை.

“பின்னாலயா? மைக்குக்குப் பின்னால பொட்டியை வச்சா ஊளையிடுமே!” இருபக்க இருக்கைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மைக் செட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய அபசாரம் கிடையாது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் புகுந்து, திரும்ப ஸ்பீக்கரில் வந்து, அது மறுபடியும் மைக்குக்குள் போய், கடைசியில் ‘கூ’ என்று கத்தும். அரசியல் மேடைகளில் தலைவர் ஆரம்பிக்கும் முன் முதலில் பேசுவது அதுதான். கிரேட்ஃபுல் டெட்காரர்கள் ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக் வைத்து, ஒன்றின் கம்பியை மாற்றிக் கொடுத்திருந்தார்களாம். பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டிலும் ஒன்றுபோல விழுந்து, ஒன்றை ஒன்று அடித்துப் போட்டுவிடும். பாடகர் ஒரு மைக்கில் மட்டும் பாடுவதால் குரல் மட்டும் மிஞ்சும். திருவனந்தபுரம் வரும்வரை மாமா ஜன்னலைப் பார்த்தபடி விரலை இப்படியும் அப்படியும் திருப்பி, காற்றில் கம்பி மாற்றிக்கொண்டே வந்தார்.

மைதான வாசலில் சோதனை. என்னிடம் தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மாமாவின் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார்கள். இருபது வருஷமாக அந்தப் பையில் இருக்கும் டெஸ்டர். கல்யாண வீட்டு போட்டோக்களில்கூட அவர் பையில் பேனா மாதிரி அது தெரியும். “கரண்டு உண்டான்னு பாக்கதுக்கு உள்ளது, சாரே” என்று மலையாளமும் தமிழும் கலந்து மன்றாடினார். நடக்கவில்லை. பறித்த சாமான்கள் குவிந்திருந்த நீல டிரம்முக்குள் டெஸ்டர் போனது. ‘டணங்’ என்றது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

இனி ஃபேன் பிட். மேடைக்கும் எனக்கும் நடுவில் ஒரு கம்பித் தடுப்பு, பத்தடி இடைவெளி. தொட்டுவிடும் தூரம். இரண்டரை மணி நேரம் நின்றபின் விளக்கு அணைந்தது. டிரம்ஸ் முதல் அடி விழுந்ததும் என் சட்டை அசைந்தது. காற்று இல்லை, சத்தம். மேடைக்கு அடியில் வரிசையாக வைத்திருந்த பேஸ் பெட்டிகளுக்கு நேர் முன்னால் நின்றிருக்கிறேன். கையிலிருந்த மூடி இல்லாத பாட்டிலில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. வயிற்றுக்குள் மதியம் சாப்பிட்ட மரச்சீனியும் மீன்குழம்பும் தாளத்துக்கு ஆடின.

பாட்டு? அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். குரல் வரும் பெரிய ஸ்பீக்கர்கள் மேடையின் இருபுறமும் உயரத்தில் தொங்கின. அவை பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் தலைக்கு மேலே, பின்னாலிருப்பவர்களை. முன்னால் நிற்பவர்களுக்கென்று மேடை விளிம்பில் சின்னப் பெட்டிகள் சில இருந்தன. என் நேரம், நான் ஓரத்தில் நின்றேன். எனக்குக் கிடைத்தது கிட்டார்காரரின் ஆம்ப்ளிஃபயரும் டிரம்ஸும் மட்டும். கல்யாண வீட்டில் பந்திக்குப் பிந்திப் போனவனுக்கு வெறும் ரசம் கிடைத்த மாதிரி.

“இது எந்தப் பாட்டு அத்தான்?” என்று மச்சான் என் காதுக்குள் கத்தினான்.

முப்பது வருஷ ரசிகன் நான். கேசட் தேயத் தேயக் கேட்டவன். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியவில்லை. “புதுசு” என்று சொல்லிவிட்டேன். நாலாவது வரியில் பல்லவியின் வாயசைவைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், அது என் கல்யாணத்துக்கு முன்பே வந்த பாட்டு.

பார்வைக்குக் குறையில்லை என்று சொல்லத்தான் ஆசை. பாடகரின் மூக்குத்துவாரத்தைப் பார்த்தேன். அவர் ஸ்பீக்கர் மேல் காலைத் தூக்கி வைத்தபோது ஷூவுக்கு அடியில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைப் பார்த்தேன். மீதி நேரமெல்லாம் என் முன்னால் நின்ற பையன் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்த போனில் கச்சேரி பார்த்தேன். நடுவில் அவனுடைய அம்மா கூப்பிட்டதால் மூன்று நிமிடம் கச்சேரி தெரியவில்லை.

ஆறு பாட்டு தாங்கினேன். அப்புறம் மகளிடமிருந்து செய்தி வந்தது: ‘அப்பா, இங்க சீட் காலி, வாங்க.’ மச்சானை விட்டுவிட்டு வெளியேறி, கேலரிப் படி ஏறினேன். முட்டி சொன்ன நன்றியை எழுத்தில் போட முடியாது.

உட்கார்ந்ததும் வேறு வகை வேடிக்கை. எங்கள் ஊர்க் குளத்தில் எதிர்ப் படித்துறையில் துணி துவைப்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? துணி கல்லில் விழும், சத்தம் வராது. கை மறுபடியும் மேலே போகும்போதுதான் ‘பட்’ என்று கேட்கும். அதே கதைதான். சத்தம் ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். மேடை நூறு மீட்டருக்கு மேல் தள்ளி. டிரம்ஸ்காரர் அடித்தது எனக்கு வந்து சேர நொடியில் மூன்றில் ஒரு பங்கு. அது போதாதென்று தலைக்கு மேலே தகரக் கூரை, பின்னால் கான்கிரீட் சுவர். அசல் ஒருமுறை வந்ததும், சுவரில் முட்டிய நகல் இன்னொருமுறை வந்தது. பாடகர் ஒரு வரி பாடினால் எங்கள் வரிசைக்கு ஒன்றரை வரி கிடைத்தது. மகளும் தோழிகளும் அதற்கும் சேர்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த வயதில் கால்தான் காது.

“தாத்தா எங்கப்பா?”

அப்போதுதான் உறைத்தது. போனில் டவர் இல்லை. 999 ரூபாய்க் கூட்டத்தில், டெஸ்டர் இழந்த சோகத்தோடு, அறுபது தாண்டிய மனிதர். இறங்கி ஓடினேன்.

மைதானத்தின் நடுவே, ஃபேன் பிட்டுக்கு ரொம்பப் பின்னால், மலிவு டிக்கெட் பகுதி ஆரம்பிக்கும் இடத்தில், கம்பித் தடுப்புக்குள் ஒரு கூடாரம். உள்ளே ஒலிகளைக் கலந்து கூட்டிக் குறைக்கும் மிக்ஸர், திரைகள், தலையணை மாதிரி ஹெட்போன் மாட்டிய ஆட்கள். தடுப்பின் மேல் முழங்கையை ஊன்றி, ஒரு காலை மடித்து நின்றுகொண்டிருந்தார் மாமா, சொந்த வீட்டுத் திண்ணையில் நிற்பவர்போல. உள்ளே கேபிள் சுற்றிக்கொண்டிருந்த மலையாளிப் பையன் அவருக்குக் கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்திருந்தான்.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். பாட்டு கேட்டது. குரல் தனியாக, கிட்டார் தனியாக, விரல் கம்பியில் வழுக்கும் அந்தச் சின்னக் கீச்சுகூட. பேஸ் நெஞ்சில் தட்டியது, அடிக்கவில்லை. அன்றைய இரவில் முதல்முறையாக, அடுத்து என்ன பாட்டு என்று இரண்டாவது நொடியிலேயே கண்டுபிடித்தேன்.

“மாமா, இங்க எப்படி வந்தீங்க?”

“இதென்னடே கேள்வி? சாமியப் பாக்கணும்னா முன்னால போவேன். கேக்கணும்னா மைக் செட்டுக்காரன் பக்கத்துல தானே நிக்கணும்? அவன் தன் காதுக்கு எது சரியோ அதத்தானே வைப்பான்.”

அப்புறம் பாடம் ஆரம்பித்தது. மேடையின் இருபக்கமும் தொங்கும் பெட்டிகளைக் காட்டி, “ஏத்தங்குலை மாதிரி கட்டியிருக்கான் பாத்தியா?” என்றார். பார்த்தேன். மேலே நேராக, கீழே வர வர உள்ளே வளைந்து, அசல் குலைதான். மேல் சீப்பு தூரத்தில் இருப்பவனுக்கு, கீழ்ச் சீப்பு பக்கத்தில் இருப்பவனுக்கு. ஒற்றைப் பெட்டியாக இருந்தால் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். இப்படி நெருக்கி அடுக்கினால் குறிப்பிட்ட தூரம்வரை குறைவது அதில் பாதிதான். ‘லைன் அர்ரே’ என்ற இந்த முறை 1990-களில்தான் கச்சேரி மேடைகளைப் பிடித்துக்கொண்டது. கணக்கெல்லாம் கேபிள் பையன் சொன்னது, குலை மட்டும் மாமாவுடையது.

எங்களுக்குப் பின்னால் இரண்டு கோபுரங்களில் இன்னும் கொஞ்சம் பெட்டிகள் இருந்தன. அதைப் பற்றித்தான் மாமாவுக்குப் பரவசம். ஒரு கொடைக்கு அவர் ஒரு கிலோமீட்டர் சாலை நெடுகக் கோளாம்பி கட்டியிருக்கிறார். நடுவில் நின்றால் ‘அம்மா’ என்ற சொல் ‘அம்மா, ம்மா, மா’ என்று மூன்று தவணையில் வரும். பக்தி கூடுதலாகத் தெரிகிறது என்று விழாக் கமிட்டியார் பாராட்டினார்களாம். இங்கே அப்படி இல்லை. கோபுரத்துச் சத்தத்தை மெஷினில் கொஞ்சம் பிடித்து வைத்து, மேடைச் சத்தம் அங்கே நடந்து வந்து சேர்கிற நேரம் பார்த்து விடுகிறார்கள். ஐம்பது மீட்டர் தள்ளி இருந்தால் சுமார் 150 மில்லி செகண்ட்.

“பிடிச்சி வச்சி விடுகான் மக்கா! இது தெரிஞ்சிருந்தா நான் அம்மனுக்கு எவ்வளவு நல்லாக் கட்டியிருப்பேன்!”

தான் சொன்னபிறகுதான் மிக்ஸர்காரர் நடுவில் கொஞ்சம் சத்தத்தைக் குறைத்தார் என்று மாமா இப்போது ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் நம்பவில்லை. உலகம் சுற்றும் குழுவின் இன்ஜினியர் வேட்டி கட்டியவர் சொன்னதற்குத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் மாமா சைகை காட்டியதும் அவர் கை ஒரு பொத்தானுக்குப் போனது என்னவோ உண்மை.

இன்னொன்றும் அப்போதுதான் கவனித்தேன். மாமாவின் இரண்டு காதிலும் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. கேபிள் பையன் கொடுத்த பஞ்சு அடைப்பான். இந்த மாதிரி இடங்களில் சத்தத்தின் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னதையும் அவனே சொன்னான். பிட்டில் ஆறு பாட்டுக்குப் பேஸ் வாங்கிய எனக்கு அதில் பாதிதான் கேட்டது.

சரியாகப் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது முடித்துவிட்டார்கள். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் வருஷத்து விதி. அதே விதியால் கொடை ராத்திரிகளில் போலீஸ்காரர்களோடு மல்லுக்கட்டிய மாமா, வாட்சைப் பார்த்து, “வெள்ளக்காரனுக்கும் உண்டு” என்று திருப்தியாகத் தலையாட்டினார். வெளியே வரும்போது நீல டிரம்முக்குள் அரையுடல் இறக்கித் தேடி, டெஸ்டரையும் மீட்டார். கூடவே யாருடையதோ ஒரு குடை வந்தது, அதைத் திரும்பப் போட்டார்.

விடிகாலை பாறசாலை ஸ்டேஷனில் இறங்கும்போதும் என் காதுக்குள் சில்வண்டு. மச்சானுக்கும் அதே. இருவரும் கத்திக் கத்திப் பேசியதைப் பார்த்து பாகப்பிரிவினைச் சண்டை என்று நினைத்து ஒரு பெரியவர் சமாதானம் செய்ய வந்தார். மாமா அடைப்பானைக் கழற்றிப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினார்.

போன மாதம் எங்கள் தெருவில் கொடை. கடையை மகனிடம் கொடுத்துவிட்டாலும் கட்டுகிற இடத்தை மாமாதான் முடிவு செய்வார். கோளாம்பி போய் இப்போது பெட்டி. ஆளுயரத்துக்கு நாலு பெட்டியை அடுக்கி, என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர, மனைவி வாசலுக்கு ஓடிப்போய், “மாமா, இத அந்தப் பக்கம் திருப்பக் கூடாதா?” என்று கெஞ்சினாள்.

மாமா என்னைப் பார்த்தார்.

“ஆறாயிரத்தைந்நூறு ரூவா இடம் மக்களே. உங்களுக்கு சும்மா தந்திருக்கேன்.”