வீட்டில் தெம்பே: சோயாவில் பூஞ்சை வளர்த்துப் பார்த்தது

ஜாவா தீவில் அன்றாடச் சாப்பாடாக இருக்கும் தெம்பேயைச் சென்னையில் என் சமையலறையில் கொஞ்ச காலமாகச் செய்து பார்க்கிறேன். இப்போது ஓரளவு நம்பிக்கையாக வருகிறது என்பதால் குறிப்புகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: சோயா பீன்ஸைத் தோல் நீக்கி வேகவைத்து, ரைசோபஸ் என்ற பூஞ்சையின் வித்துப்பொடியைக் கலந்து, மிதமான சூட்டில் ஒன்றரை நாள் போல வைக்க வேண்டும். வெள்ளை இழைகள் பயறுகளுக்கு நடுவே புகுந்து எல்லாவற்றையும் ஒரே பாளமாகக் கட்டிவிடும். அதைத் துண்டு போட்டுப் பொரிக்கலாம், வதக்கலாம், தேங்காய்ப்பால் குழம்பில் போடலாம். இதைச் சொன்னதும் அம்மா கேட்டது: "பூஞ்சை பிடிச்சா தூக்கிப் போடுவாங்க. நீ வேணும்னே பிடிக்க வச்சுத் திங்கப்போறியாடா?" ஜாவாவில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றப்பட்ட செரட் சென்தினி என்ற காவியத்திலேயே தெம்பே பேர் வருகிறது, இருநூறு வருஷத்துக்கு மேலாகச் சாப்பிடுகிறார்கள் என்றேன். அம்மா அசரவில்லை.

மளிகைக் கடையில் சோயா என்றால் மீல்மேக்கர் பாக்கெட்டைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். முழுப் பயறு என்று அழுத்திச் சொல்லி வாங்க வேண்டும். வித்துப்பொடி ஆன்லைனில் கிடைக்கிறது. ஜாவாவில் முன்பெல்லாம் இந்தப் பொடி கிடையாது. வாரு என்று ஒரு மரம், செம்பருத்தி இனம்தான், ஆனால் இலை பார்க்கப் பூவரசு மாதிரி இருக்கும். அந்த இலையின் அடிப்பக்கத்துச் சுணையில் வித்துகள் தங்கும். ஒரு ஈட்டுத் தெம்பேயில் வளர்ந்ததை இலையில் காயவைத்து அடுத்த ஈட்டுக்குப் பயன்படுத்துவார்கள்.

செய்முறைக்கு வருவோம். அரைக் கிலோ சோயாவை ராத்திரி முழுக்க ஊறவைக்கிறேன். கறுப்பு உளுந்து களைந்து பழகிய கைக்குத் தோல் எடுப்பது பெரிய வேலை இல்லை. பிசைந்து தண்ணீர் விட்டால் தோல் மிதக்கும், சாய்த்துக் கொட்டலாம். கொஞ்சம் தோல் நின்றால் பரவாயில்லை, ஆனால் பயறு இரண்டாகப் பிளந்திருக்க வேண்டும். முழுப் பயறின் வழவழப்பான தோல்மேல் பூஞ்சையால் பிடித்து ஏற முடியாது. அப்புறம் திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வேகவிடுகிறேன். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். கடித்தால் வெந்திருக்க வேண்டும், விரலில் நசுங்கிக் கூழாகக் கூடாது.

இதற்கு அடுத்த கட்டத்தில்தான் பாதி வெற்றி இருக்கிறது: ஈரத்தைப் போக்குவது. வடிகட்டிய பயறைத் திரும்ப அடுப்பிலேற்றிச் சின்னத் தீயில் கிளறி, பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் விடுகிறேன். கையில் அள்ளினால் ஒட்டக் கூடாது. பயறுகளுக்கு இடையில் தண்ணீர் நின்றால் அந்த இடத்துக்குக் காற்று போகாது, பூஞ்சைக்குப் பதிலாகப் பாக்டீரியா பெருகி வழவழவென்று ஆகிவிடும். இட்லி மாவுக்கு நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஈரத்தில் பாக்டீரியா வேலை செய்து புளிக்க வேண்டும், இங்கே அதை உள்ளே விடவே கூடாது. அரைக் கிலோவுக்கு நான்கு மேசைக்கரண்டி வினிகர் கலப்பதும் இதற்காகத்தான். புளிப்பு ரைசோபஸுக்குத் தொந்தரவு இல்லை, கெடுக்கிற பாக்டீரியாக்களுக்குத்தான் பிடிக்காது. பயறு கைச்சூட்டுக்கு ஆறிய பிறகே வித்துப்பொடி. சூட்டோடு போட்டால் வித்து செத்துவிடும்.

ஜிப்லாக் பையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஊசியால் குத்தி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் பயறைப் பரப்பி மூடுகிறேன். வாழை இலையிலும் கட்டிப் பார்த்தேன். மணம் அதில்தான் நன்றாக இருக்கிறது. இலை மடிப்புகள் வழியாகக் காற்று போவதால் ஓட்டை போடவும் வேண்டாம். ஆனால் உள்ளே எப்படி வளர்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாது, எனக்கோ பார்க்காமல் இருக்க முடியாது.

இனி சூடு. பூஞ்சைக்குத் தேவை 30 முதல் 32 டிகிரி. சென்னைக்காரனுக்கு இது இலவசம் என்று நினைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். முதல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்காது. பையில் லேசாக வியர்த்திருக்கும், அவ்வளவுதான். அதன் பிறகு பூஞ்சை வளர வளரத் தானே சூட்டைக் கிளப்பும். அறை 31 டிகிரியில் இருக்கும்போது பையின் நடுவில் தெர்மாமீட்டர் செருகினால் 40ஐத் தொடுகிறது. அந்தச் சூடு நீடித்தால் பூஞ்சை தளர்ந்து பாக்டீரியா மேலே வந்துவிடும், அமோனியா வாடை கிளம்பும். ஆகவே முதல் பாதியில் கதகதப்பு, இரண்டாம் பாதியில் காற்றோட்டம். பைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கக் கூடாது. கம்பித் தட்டில் இடைவெளி விட்டு வைத்தால் அடியிலும் காற்று போகும்.

மார்கழியில் தெர்மோகோல் பெட்டிக்குள் வெந்நீர் பாட்டில் ஒன்றை வைத்துச் சமாளிக்கிறேன், பை தானாகச் சூடானதும் பாட்டிலை எடுத்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் எதிர்ப்பாடு. சமையலறையே 35 டிகிரி இருக்கும்போது பூஞ்சை கிளப்பும் சூடு வெளியேற வழியே இல்லை. அந்த மாதங்களில் சாயங்காலம் கட்டிவைத்து, மறுநாள் காலை முதல் கூடத்துத் தரையில் மின்விசிறிக்குக் கீழே விடுகிறேன். அதுவும் போதாமல் ஒரு ஈடு அமோனியா வாடையோடு குப்பைக்குப் போனது. கோடையில் இதை விட்டுவிடுவதே மேல் என்று இப்போது தோன்றுகிறது.

நல்ல தெம்பே காளான் மணத்தில் இருக்கும், ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் வளையாமல் நிற்கும். ஓட்டைகளுக்குப் பக்கத்தில் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி வந்தால் பயப்பட வேண்டாம், காற்று அதிகம் பட்ட இடத்தில் பூஞ்சை வித்து விட்டிருக்கிறது, அவ்வளவே. ரோஜா நிறம், ஆரஞ்சு, வழவழப்பு, நாற்றம் இவற்றில் எது இருந்தாலும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சமையலில் எனக்கு மிகவும் பிடித்தது தெம்பே பாச்செம், மத்திய ஜாவா, ஜோக்ஜகார்த்தா பக்கத்து உணவு. மல்லி விதை, சின்ன வெங்காயம், பூண்டு அரைத்து, புளி, தென்னங்கருப்பட்டி, இளநீர் சேர்த்து அதில் தெம்பேத் துண்டுகளைப் போட்டு நீர் வற்றும்வரை கொதிக்கவிட்டு, கடைசியில் லேசாகப் பொரிப்பார்கள். நான் பனங்கருப்பட்டி போடுகிறேன், நிறம் இன்னும் கறுப்பாக வருகிறது. அவர்கள் சேர்க்கும் பேரரத்தை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்ததாகக் கிடைத்தது, ஒரு துண்டு போதும். சாலம் இலை கிடைக்கவில்லை. பிரிஞ்சி இலையின் மணம் வேறு என்பதால் போடாமலே விட்டேன். ரசம் சாதத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்று ஜாவாக்காரர்களிடம் சொன்னால் நம்புவார்களா தெரியாது.

பன்யுமாஸ் பகுதியின் மென்டோவான் இன்னும் சுலபம். மெல்லிசாக நறுக்கிய தெம்பேயை அரிசி மாவு, மைதா, வெங்காயத்தாள், மல்லி கலந்த நீர்த்த மாவில் தோய்த்து, மொறுமொறுப்பாகும் முன்பே எடுத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்த மாவில் பெருங்காயம் சேர்ந்துவிட்டது. அம்மா கேட்காமலே போட்டது. எடுக்கச் சொன்னபோதும் எடுக்கவில்லை, "இன்னும் சிவக்கட்டும்" என்று நின்றார்கள்.

ஒரு எச்சரிக்கை. தேங்காய்ப்பால் பிழிந்த சக்கையை வீணாக்காமல் சோயாவோடு சேர்க்கலாமே என்ற யோசனை நம் ஊரில் யாருக்கும் வரும், எனக்கும் வந்தது. செய்யாதீர்கள். அதே பன்யுமாஸில் தேங்காய்ச் சக்கையில் செய்த தெம்பே போங்க்ரெக் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. தேங்காயில் பர்கோல்டேரியா என்ற பாக்டீரியா புகுந்தால் போங்க்ரெக் அமிலம் என்ற நஞ்சை உண்டாக்கும். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. 1988இல் இந்தோனேசிய அரசு அதைத் தயாரிக்கவே தடை விதித்தது. தேங்காயைக் குழம்பில் மட்டும் வைத்துக்கொள்வோம்.

அரைக் கிலோ பயறில் முக்கால் கிலோவுக்கு மேலேயே தெம்பே கிடைக்கிறது. குளிர்பெட்டியில் வைத்தாலும் பூஞ்சை மெதுவாக வளர்ந்துகொண்டுதான் இருக்கும், அதனால் சில நாளில் தீர்க்கப்போவது போக மிச்சத்தை ஆவியில் வேகவைத்து ஃப்ரீசரில் போடுகிறேன். கொஞ்சம் அதிகம் முற்றிப்போன தெம்பேயையும் ஜாவாவில் வீணாக்குவதில்லை, காய்கறியைத் தேங்காய்ப்பாலில் கொதிக்கவிடும் சாயுர் லோடேயில் வாசனைக்காகக் கொஞ்சம் நசுக்கிப் போடுவார்கள். அதற்கென்று ஒரு சின்னத் துண்டைத் தனியாக முற்றவிட்டிருக்கிறேன். அடுத்து தட்டைப்பயறு, ஊறப் போட்டாயிற்று.