நோம்பி ஆல்பத்துக்கு யாருங்க அட்மின்?

நமக்கு ஆஃபீஸ்ல சோலி பம்ப்செட் கம்பெனிகளுக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் எழுதறதுங்க, சரவணம்பட்டில உக்காந்துட்டு. எந்த ஸ்க்ரீன யார் பாக்கலாம், யார் அழிக்கலாம்னு அங்க நாம யோசிக்கவே வேண்டியதில்ல, அட்மின், மேனேஜர், யூசர்னு கிளையன்ட்டே ஒரு எக்செல்ல போட்டு அனுப்பிருவாங்க, நாம கோட் எழுதுனா முடிஞ்சுது. அதே நெனப்புலதான் ஊர் மாரியம்மன் நோம்பி போட்டோவெல்லாம் எல்லாரும் ஒரே எடத்துல போடற மாதிரி சொந்தமா ஒரு வெப் அப்ளிகேஷன் பண்ண ஆரம்பிச்சேன்.

வாட்ஸ்அப் க்ரூப் இருக்கறப்ப இது எதுக்குனு கேப்பீங்க. அதுல சாதாரணமா போட்டோவா அனுப்புனா சைஸ சுருக்கிரும், படத்துக்குள்ளயே ஒட்டி வர்ற எக்சிஃப்ங்கற தகவலையும் உருவிரும், எப்ப எடுத்தது எங்க எடுத்ததுன்னு ஒண்ணும் மிஞ்சாது. கூகுள் போட்டோஸ்ல ஷேர்டு ஆல்பம் இருக்குது, ஆனா 2021 ஜூன்லயே அளவில்லாம சும்மா வெக்கறத நிறுத்திட்டாங்க, மெயிலும் சேத்தி 15 ஜிபிதான், எங்க ஒறம்பரைல பாதிப்பேருக்கு அது எப்பவோ நெறஞ்சு போச்சு. ஆப்பா பண்ணாததுக்கும் எடப் பஞ்சந்தான் காரணம், போன்ல எடமில்லாதவங்ககிட்ட இன்ஸ்டால் பண்ணுங்கன்னா யார் பண்ணுவா, லிங்க்கத் தொட்டா தொறக்கோணும், அவ்வளவுதான்.

அப்லோடு பெரிய விசயமில்லைங்க. போட்டோ நம்ம ஸர்வர் வழியாவே போகாது, கொஞ்ச நேரத்துல காலாவதியாகற மாதிரி ஒரு யூஆர்எல்ல ஸர்வர் குடுக்கும், ப்ரவுசரே நேரா அமேசானோட ஸ்டோரேஜான எஸ்3க்கு ஏத்திரும். ஐபோன்காரங்க படம் ஹெய்க்ங்கற வகை ஃபைலா வரும், அது குரோம்ல தெரியாது, அத ஜேபெக்கா மாத்தோணும். போன நிமுத்திப் புடிச்சு எடுத்தாலும் ஃபைல்ல படுக்கையாவே இருக்கும், எந்தப் பக்கம் திருப்பிக் காட்டோணுங்கறது எக்சிஃப்ல 1ல இருந்து 8 வரைக்கும் ஒரு நம்பரா இருக்குது, மொதல்ல படத்தத் திருப்பிட்டு எடுத்த நேரத்தத் தனியாக் குறிச்சுக்கிட்டு, அப்பறம்தான் எக்சிஃப உருவோணும், வரிசை மாறுச்சுன்னா பெரியப்பா கோயில் முன்னால நட்ட கம்பத்தோட சேந்து படுத்துக்குவாரு.

நேரந்தான் சுவாரசியம். எக்சிஃப்ல பழைய கேமராவெல்லாம் மணிய மட்டுந்தான் எழுதும், எந்த நாட்டு மணின்னு எழுதாது, அதுக்கு தனி எடம் ஒதுக்குனதே 2016ல வந்த 2.31 பதிப்புலதான். சிங்கப்பூர்ல இருந்து வந்த அண்ணன் கேமரால கடியாரத்த மாத்தல, அது நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால காலைல ஆறு மணிக்கு எடுத்த பூவோடு (தீச்சட்டி) படம் எட்டரைக்கு எடுத்த மாவிளக்குக்கு நடுவுல போய் நிக்குது. அதுக்கு ஒரு வழி பண்ணேன், அந்தக் கேமரா படம் ஒண்ண சரியான எடத்துல இழுத்து வெச்சா அதே கேமரால வந்த மத்ததெல்லாம் அதே அளவுக்கு தானா நகந்துக்கும். எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது இதுதான், ஆனா யாரும் கண்டுக்கல.

எல்லாரும் பேசுனது அழிக்கறதப் பத்தித்தான். போட்டவங்க மட்டும் அழிக்கலாம்னு வெச்சிருந்தேன், ஆஃபீஸ் கணக்குல அது சரியான ரூல். மஞ்சத்தண்ணி முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி அக்கா பொண்ணு கூப்பிட்டா, நனஞ்சு நிக்கற ஒரு படத்த சித்தப்பா பையன் ஏத்திருக்கான், "மாமா, அத எடுத்துருங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்க"ன்னா. டேட்டாபேஸ்ல ஏத்துனவன் பேருக்கு ஒரு கட்டம் இருக்குது, படத்துல இருக்கற புள்ளைக்கு ஒண்ணுமே இல்ல. அப்பறம் ஒவ்வொரு படத்துக்கும் கீழ "மறைங்க"ன்னு ஒரு பட்டன் வெச்சேன். யார் அமுக்குனாலும் அந்த நிமிசமே எல்லார்த்துக்கும் மறஞ்சுரும், காரணம் கேக்காது, யார் அமுக்குனாங்கன்னு ஏத்துனவனுக்கும் தெரியாது, அவன் மறுக்கா வெளிய கொண்டு வரவும் முடியாது.

கூட வேல செய்யற நண்பன் சண்டைக்கே வந்துட்டான், எவனாச்சும் லொள்ளுக்கு எல்லாத்தையும் மறைச்சுட்டா என்னடா பண்ணுவன்னு. அதுக்கு ஒருத்தர் ஒரு நாளைக்கு இத்தனைதான்னு வரம்பு போட்டா போச்சு. கம்பம் சுத்தி ஆடற படம் நூறு கெடக்குது, ஒண்ணு கொறஞ்சா யாருக்கும் நட்டமில்ல, அந்தப் புள்ளையோட படம் ஒரு ராத்திரி க்ரூப்ல சுத்துச்சுன்னா அப்பறம் அழிச்சு என்ன பிரயோசனம்.

அட்மின் கதை தனி. பெரியப்பா கூப்பிட்டு "ஏங்கண்ணு, பெரியவன் நானிருக்கறேன், எனக்குத்தான அது குடுக்கோணும்"னாரு. குடுக்கலன்னா அவருக்கு வருத்தம், குடுத்தா ஒறம்பரை மொத்தத்துக்கும் வருத்தம். கடைசில ஆல்பத்துக்கு அட்டைப்படம் தேந்தெடுக்கற உரிமைய அவருக்கு மட்டும்னு பண்ணிக் குடுத்தேன், மாசத்துக்கு ஒருக்கா தம்படத்தையே மாத்தி மாத்தி வெச்சுக்கறாரு.

இப்ப மச்சான் ஒருத்தர் மூஞ்சிய வெச்சு ஆளத் தேடற வசதி வேணும்னு நிக்கறாரு. ரெடிமேடா லைப்ரரி இருக்குது, ஒரு வார லீவுல போட்டரலாம். போடலைங்க. பேரத் தட்டுனா ஒரு புள்ளையோட அத்தன படமும் வரிசையா வந்து நிக்கும்னா, அப்பறம் அந்த மறைங்க பட்டன எத்தன தடவதான் அவ அமுக்குவா. மச்சானுக்குக் கோவந்தான், மொத்த ஆல்பத்தையும் ஒரே ஜிப்பா இறக்கறதுக்காச்சும் வழி பண்ணுங்கன்னாரு, அத வேணா பண்ணித் தர்றேன்னு சொல்லிருக்கறேன், மறைச்சதெல்லாம் அதுல வராது.