கவசம் கழற்றிய மூன்று நாட்கள்

தேரடியில் மெட்ரோவை விட்டு இறங்கும்போதே அத்தை சொல்லிவிட்டார்: "கட்டண தரிசனம் வேண்டாம். அம்மா காசு கொடுத்து சாமி பார்த்ததில்லை." அத்தையின் அம்மா, என் ஆயா, இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூரில் அவர் வைத்ததுதான் சட்டம். வரிசை சன்னதித் தெருவரை வந்திருந்தது. நின்றோம்.

இங்கே ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவான சுயம்பு. வருடம் முழுவதும் கவசத்துக்குள் இருப்பவர். இந்தப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசத்தைக் கழற்றிப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சாற்றுவார்கள்.

1971-ல் அந்தப் பௌர்ணமி டிசம்பர் 2. மறுநாள் மாலை நம் விமானத் தளங்களில் பாகிஸ்தான் குண்டு வீசியது. நள்ளிரவில் இந்திரா காந்தி வானொலியில் பேசினார். மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாக இருந்த என் சித்தப்பாவுக்கு அப்போது 22 வயது. மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றை ஒட்டிக் கண்ணிவெடி புதைத்த நிலத்தில் நடந்த சண்டையில் போய்விட்டார். 17-ம் தேதி இரவு மேற்கு எல்லையிலும் சண்டை நின்றது. காலடிப்பேட்டை வீட்டுக்குத் தந்தி வந்தது அதற்குப் பிறகுதான். வெற்றிக்காகத் தெருவில் கொடுத்த மிட்டாய் அப்போதும் தன் சட்டைப் பையில் இருந்தது என்பார் அப்பா.

உடல் வரவில்லை. அப்போதெல்லாம் களத்துக்கு அருகிலேயே தகனம் செய்துவிடுவார்கள். வீரர்களின் உடலை ஊருக்கு அனுப்புவது 1999 கார்கில் போரில்தான் வழக்கமானது. எங்களுக்கு வந்தது ஒரு டிரங்குப் பெட்டி. 'முகத்தைப் பார்க்காமல் திதி கொடுக்க மாட்டேன்' என்று ஆயா சொல்லிவிட்டார். வருடாவருடம் இங்கே வந்து, உயிரோடு இருக்கும் பிள்ளைக்குச் செய்வதுபோல் அவர் பெயருக்கும் கேட்டை நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தார். சாஸ்திரம் ஒப்பாது என்று உறவில் பெரியவர்கள் சண்டைக்கு வந்தார்கள். நான் ஆயா கட்சி.

வரிசை நகராத ஓர் இடத்தில் அத்தை கைப்பையிலிருந்து அந்த இன்லேண்ட் கடிதத்தை எடுத்தார். சித்தப்பாவின் கடைசிக் கடிதம். மடிப்புகள் கிழிந்து, செலோடேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிவிட்டது. பொங்கலுக்கு லீவு கிடைக்கும், வருகிறேன் என்று எழுதியிருக்கிறார். கீழே, இடம் போதாமல் நெருக்கி: 'வடிவுடையம்மன் குங்குமம் அனுப்பு. கொண்டுவந்தது மழையில் நனைந்துவிட்டது.'

உள்ளே போக இரண்டரை மணி நேரம். பார்த்தது அரை நிமிடம். கருமையாக, மேடு பள்ளமாக, தைலம் வழிந்து தீப ஒளியில் மினுங்கும் ஒரு திருமேனி. புனுகு வாசனை தொண்டைவரை இறங்கியது. மனதில் வேண்டுதல் எதுவும் எழவில்லை. ஆயா இந்த இடத்தில் கேட்கும் கேள்விதான் காதில் விழுந்தது: "மூன்று நாள் சும்மா கிடந்த கவசம்தானே. என் பிள்ளைக்குக் கடன் கொடுத்திருக்கக் கூடாதா?"

அதோடு விடமாட்டார். மகிழ மரத்தடியில் அடுத்த வழக்கு. இந்த மரத்தடியில்தான் 'உன்னைப் பிரியேன்' என்று சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தார் சுந்தரர். வாக்குத் தவறி ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. "காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண் என்று உன் தோழனுக்குத் திருப்பிக் கொடுத்தாய். பொங்கலுக்கு வருகிறேன் என்றவனை எந்த ஊரில் திருப்பிக் கொடுப்பாய்?" பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சிறு வயதில் எனக்கு வெட்கமாக இருக்கும். மறுவாரமும் அதே ஆயா எண்ணெய்த் தூக்கோடு இதே கோயிலுக்குக் கிளம்புவார்.

தெற்கு நோக்கி நிற்கும் வடிவுடையம்மன் சன்னதியில் அத்தை தட்டை நீட்டினார். குருக்கள் பெயர் கேட்டார். அத்தை அண்ணன் பெயரைச் சொன்னார். நட்சத்திரம் கேட்டார், சொன்னார். "என்ன வேண்டுதல் அம்மா?"

"ஊருக்கு வர வேண்டும்."

குருக்கள் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

வெளியே வந்து குளத்துப் பக்கம் உட்கார்ந்தோம். அத்தை குங்குமத்தை இரண்டாகப் பிரித்தார். ஒன்று வீட்டுக்கு. மற்றொன்றைக் கடிதத்தின் மடிப்புக்குள் தூவி மூடினார். வருடாவருடம் தூவியதில் உள்ளே பாதி எழுத்து சிவந்து மறைந்துவிட்டது. வெளிப்புறத்தில் சித்தப்பாவின் படை எண்ணும், 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவத் தபால் முகவரியும் மட்டும் தெளிவாக இருக்கின்றன.