அம்புக்குறி மேல என்ன எழுதுறாங்க

ஏழாங்கிளாஸுக்கு ஒளிச்சேர்க்கை முடிச்சு டெஸ்ட் வெச்சேன், சமன்பாடு, பச்சையம், இலைத்துளைன்னு எல்லாம் பக்காவா எழுதியிருந்தாங்க, பாதிப் பேர் இருபதுக்கு பதினெட்டு. சரி, பாடம் மண்டையில ஏறிடுச்சுன்னு சந்தோஷமா இருந்தேன். மறுநாள் ஒரு பீரியடு சும்மா கிடைச்சுதேன்னு செடி, மண், தண்ணி, வெயில், கார்பன் டை ஆக்சைடு, உணவு, சுவாசம்னு போர்டுல எழுதிப்போட்டு, "செடிக்கு எடை எங்கருந்து வருது?"ன்னு கேட்டு, கருத்து வரைபடம் (கான்செப்ட் மேப்) போடச் சொன்னேன், அதாவது ஒவ்வொரு சொல்லையும் கட்டத்துல போட்டு, அம்பால இணைச்சு, அம்பு மேல என்ன தொடர்புன்னு எழுதணும்.

பதினெட்டு வாங்குன பொண்ணு நோட்டுல மண்ணுலருந்து செடிக்கு ஒரு அம்பு, அதுமேல "சாப்பாடு குடுக்கும்". அவ மட்டும் இல்ல, எண்ணிப் பாத்தா கிளாஸ்ல பாதிக்கு மேல அதே அம்பு, செடி சாப்பாட்ட தானே தயாரிக்குதுன்னு டெஸ்ட்ல எழுதின அதே பசங்க.

நம்ம ஏஎல்எம் (செயல்வழியா படிக்க வைக்கிற ஆக்டிவ் லேர்னிங் முறை) காலத்துல போட்ட மனவரைபடத்துல இது மாட்டியிருக்காது. நடுவுல தலைப்பு, சுத்தி கிளை, கலர் ஸ்கெட்ச், அவ்ளோதான், கோடு மேல ஒண்ணும் எழுத வேணாம். கருத்து வரைபடத்துல ரெண்டு கட்டத்துக்கு நடுவுல ஒரு வினை எழுதியே ஆகணும், படிச்சா ஒரு வாக்கியமா வரணும், அங்கதான் குட்டு உடையும். முதல்ல எல்லா அம்பு மேலயும் "உண்டு", "தொடர்பு"ன்னு எழுதி தப்பிக்கப் பாப்பாங்க, விடாதீங்க.

1972-ல கார்னெல் யுனிவர்சிட்டில ஜோசப் நோவாக் இத ஆரம்பிச்சதே இதுக்குத்தான், பசங்கள பேட்டி எடுத்து, அறிவியல்ல அவங்க புரிதல் வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுதுன்னு பாக்கணும், பேட்டி மலை மாதிரி சேந்துபோச்சு, அத ஒரு பார்வையில பாக்க ஒரு வழி வேணும். நாம என்னடான்னா சார்ட் ஒட்டி சுவத்த அலங்காரம் பண்றோம். மார்க் போடவும் அவரும் கூட வேலை பாத்த கோவினும் 1984-ல ஒரு கணக்கு குடுத்திருக்காங்க, சரியான இணைப்புக்கு 1, பெரிய கருத்துக்கு கீழ சின்ன கருத்துன்னு இறங்குற ஒவ்வொரு அடுக்குக்கும் 5, ஒரு கிளையிலருந்து இன்னொரு கிளைக்குப் போற குறுக்கு இணைப்புக்கு 10. நாப்பது நோட்டுக்கு அத போட்டுப் பாத்தேன், ரெண்டு ராத்திரி போச்சு, இப்ப அம்ப மட்டும் படிக்கிறேன்.

இன்னொருத்தன் "செடி, ராத்திரி மட்டும், சுவாசம்"னு போட்டிருந்தான். ஏன்டான்னா, "ராத்திரி புளியமரத்தடியில படுக்கக்கூடாதுன்னு ஆயா சொல்லுச்சு மிஸ்". அட, அவன் கணக்கு அவனுக்கு சரிதான! பகல்லயும் செடி மூச்சு விட்டுட்டுதான் இருக்கு, ஒளிச்சேர்க்கை வேகத்துல அது வெளிய தெரியாதுன்னு நான்தான் ஒழுங்கா சொல்லல.

மண் விஷயத்துக்கு ஹெல்மாண்ட்னு பழைய காலத்து விஞ்ஞானி ஒருத்தரோட கதைய சொன்னேன். சுமார் 90 கிலோ காஞ்ச மண்ணுல ரெண்டே கால் கிலோ வில்லோ செடிய நட்டு, அஞ்சு வருஷம் வெறும் தண்ணி ஊத்துனாரு, மரம் 77 கிலோவுக்கு வந்துடுச்சு, மண்ணுல குறைஞ்சது 60 கிராம் கூட இல்ல. கிளாஸே வாயப் பொளந்துச்சு. "அப்ப எல்லாம் தண்ணிதானா மிஸ்?"னு ஒருத்தன், ஹெல்மாண்டும் அதேதான் நினைச்சாருடா, காத்த கணக்குல விட்டுட்டாருன்னேன், அவனுக்கு ஒரே பெருமை.

ரெண்டாவது தடவ போட்டப்போ அந்தப் பொண்ணு மண் அம்ப அடிச்சுட்டு "தாது உப்பு மட்டும் குடுக்கும்"னு மாத்திட்டா. கார்பன் டை ஆக்சைடுலருந்து உணவுக்கு புதுசா ஒரு அம்பு, அதுமேல "காத்துக்கு எடை இருக்கா?"ன்னு பென்சில்ல எழுதி வெச்சிருக்கா. திங்கக்கெழம பலூனும் தராசும் எடுத்துட்டுப் போகணும்.