ஹாங்காங் வழியாகச் சீனாவுக்கு: வரிக்காக அல்ல

சீனாவுக்குச் சரக்கு அனுப்பப் பார்க்கிறேன் என்று சொல்லும் நண்பர்கள் எல்லோரும் கையோடு கேட்பது இதுதான்: ஹாங்காங் வழியாக அனுப்பினால் டியூட்டி மிச்சமாகுமா? ஆகாது. ஹாங்காங்கில் கடும் மது, புகையிலை, எரிஎண்ணெய், மெத்தில் ஆல்கஹால் தவிர வேறு எதற்கும் இறக்குமதி வரி கிடையாது, உண்மைதான். ஆனால் எல்லை தாண்டி, ஒட்டியிருக்கும் சீன நகரமான ஷென்சென்னுக்குள் நுழையும்போது, சரக்கு எந்த நாட்டில் உற்பத்தியானது என்றுதான் சீன கஸ்டம்ஸ் பார்க்கும். 2004இல் சீனா தொடங்கிய வரியில்லாச் சலுகை ஹாங்காங்கிலேயே தயாரான பொருளுக்கு மட்டும். அங்கே இறக்கி ஏற்றியதால் திருப்பூர் பனியன் ஹாங்காங் பனியன் ஆகிவிடாது. உணவுப் பொருள் என்றால் இன்னும் கறார், 2022 ஜனவரியிலிருந்து தயாரிக்கும் ஆலையே சீனச் சுங்கத் துறையில் பதிவாகியிருக்க வேண்டும், எந்த வழியாகப் போனாலும்.

சரி, அப்புறம் எதற்கு ஹாங்காங்?

பணத்துக்காக. சீன நாணயமான யுவானை நினைத்தபோது டாலராக மாற்றி சீனாவிலிருந்து வெளியே எடுத்துவிட முடியாது. ஹாங்காங் டாலரோ 1983 முதல் அமெரிக்க டாலருக்கு 7.8 என்ற கணக்கில் நிற்கிறது, கொண்டுவரவும் கொண்டுபோகவும் கட்டுப்பாடு இல்லை. முகம் தெரியாத பார்ட்டிக்கு முதல் தடவை சரக்கு அனுப்புகிறவருக்கு, எல்.சி. (வாங்குபவர் சார்பில் பணத்துக்கு வங்கி தரும் உத்தரவாதக் கடிதம்) ஹாங்காங் வங்கியிலிருந்து வருகிறது என்பதே பாதித் தூக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் போடலாம், சட்டமும் நம் ஊர் வக்கீலுக்குப் பழகிய பிரிட்டிஷ் வழிச் சட்டம். தகராறு வந்தால் ஹாங்காங்கில் நடுவர் தீர்ப்பு வாங்கி, அதைச் சீன நீதிமன்றம் மூலம் நிறைவேற்றிக்கொள்ள 1999இலேயே ஏற்பாடு செய்துவிட்டார்கள்.

ஒயின் வியாபாரத்தைப் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். 2007 தொடக்கம் வரை ஹாங்காங்கில் ஒயினுக்கு 80 சதவீத வரி. 2008 பிப்ரவரியில் அதைச் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு ஒயின் வந்து குவிந்தது, குளிர்பதனக் கிடங்குகள் பெருகின, பெரிய ஏல நிறுவனங்கள் வந்தன, சீனாவிலிருந்து வாங்குபவர்கள் ருசி பார்த்து எடுக்க வந்தார்கள். விலை பேசி முடியும்வரை சரக்கு வரி கட்டாமல் சீனாவின் வாசலிலேயே காத்திருக்கலாம், விற்றது மட்டும் எல்லை தாண்டினால் போதும். கையில் பெரிய முதல் இல்லாத ஏற்றுமதியாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஹாங்காங் கதை முடிந்தது என்கிறவர்கள் குவாய் சுங் துறைமுகத்தை மட்டும் பார்க்கிறார்கள். 2004இல் உலகிலேயே அதிக கன்டெய்னர் கையாண்ட இடம், 2013இல் பக்கத்து ஷென்சென்னே அதை முந்திவிட்டது, அதில் வாதமே இல்லை. ஆனால் பெட்டி நேராக ஷென்சென்னின் யாண்டியன் துறைமுகத்துக்குப் போகும்போதும் இன்வாய்ஸ் ஹாங்காங் கம்பெனி பெயரில் ஓடுவது இன்றும் சாதாரணம். சூரத்தில் பட்டை தீட்டிய வைரம் இன்றும் ஹாங்காங்குக்குப் போகிறது, அங்கே வேரூன்றிய குஜராத்தி வியாபாரிகளின் கை வழியாக.

எனக்குக் கவலை துறைமுகம் பற்றியல்ல, கோர்ட் பற்றி. 2020இல் ஹாங்காங்கில் சீனா தேசியப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த பிறகு, வியாபார வழக்குகளில் அந்த நீதிமன்றங்கள் பழையபடியே நடக்குமா என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த நம்பிக்கை தேய்ந்தால், சிங்கப்பூரில் உட்கார்ந்தே சீனாவுக்கு விற்கலாம் என்று கிளம்ப ஆட்கள் இருக்கிறார்கள்.