கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம்

சிலி நாட்டின் வடகோடியில் அரிக்கா என்றொரு ஊர். ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் அட்டகாமா பாலைவனம். மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால் புதைத்த எதுவும் லேசில் மக்குவதில்லை. தலைமுடி, தோல், போர்த்திய பாய்கூட மிஞ்சியிருக்கும். அந்தப் பக்கத்து எலும்பு ஆய்வகம் ஒன்றில் சில மாதங்கள் வேலை பார்த்தேன்.

இந்தக் கடற்கரையில் அந்தக் காலத்தில் மீன் பிடித்து வாழ்ந்த சின்சோரோ மக்களின் பதப்படுத்திய உடல்கள் எகிப்தின் மம்மிகளைவிடப் பழையவை, சுமார் 7,000 ஆண்டு. எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு வாய்த்ததோ மண்டையோடுகளில் அடிபட்ட தடம் தேடும் வேலை.

முதல் வாரமே சொதப்பினேன். நெற்றியில் நீளமாக ஒரு விரிசல். படிவத்தில் 'பலத்த அடி' என்று எழுதிவிட்டேன். மூத்த ஆய்வாளர் ஒன்றும் சொல்லாமல் லென்ஸை நீட்டினார். விரிசலின் ஓரம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுத்திருந்தது. மண்ணில் கிடந்து எலும்பெல்லாம் பழுப்பேறிய பிறகு, பாரம் தாங்காமல் உடைந்தது அது. உயிரோடிருப்பவரின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, வளைந்து சிம்பு சிம்பாகப் பிளக்கும். காய்ந்த எலும்பு அப்பளம்போல நொறுங்கும். படிவத்தில் எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.

அப்புறம் முன்கை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு நடுவில் முறிந்திருந்தால், தலைமேல் விழ வந்த அடியைக் கையால் தடுத்திருக்கலாம். கட்டைவிரல் பக்கத்து எலும்பு மணிக்கட்டருகே முறிந்திருந்தால், கை ஊன்றி விழுந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சிப்பி பொறுக்கப் பாசி படிந்த பாறையில் ஏறி இறங்கும் மக்கள், வழுக்கத்தானே செய்யும்? சண்டையா, தொழில் ஆபத்தா என்பது இந்தத் துறையில் பழைய கேள்வி. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், சின்சோரோ ஆண்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மண்டையில் காயத் தடம். பெண்களில் அது வெகு குறைவு. பெரும்பாலானவை ஆறிய காயங்கள். வழுக்கி விழுந்தவர்கள் எல்லோரும் உச்சந்தலையில் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

விவசாயம் வந்த பிறகும் வன்முறை ஓயவில்லை. அரிக்காவை ஒட்டிய அசாப்பா பள்ளத்தாக்கில் கி.மு. 1000 முதல் கி.பி. 600 வரை வாழ்ந்த 194 பேரை ஆராய்ந்ததில் 40 பேருக்கு வன்முறைக் காயம். பலருடைய காயத்தில் ஆறிய அடையாளமே இல்லை, அந்த அடியிலேயே இறந்திருக்கலாம். பச்சை நிலமும் தண்ணீரும் கைப்பிடி அளவே இருக்கும் இடம் அது.

கடைசி வாரம் கைக்கு வந்தது ஒரு மீனவரின் மண்டையோடு. குளிர்ந்த கடலில் பல வருடம் முங்கி எழுந்தவர்களுக்குக் காதுத் துவாரத்தில் எலும்பு முண்டு முண்டாக வளரும். இவருக்குத் துவாரம் பாதி அடைத்திருந்தது. நெற்றிக்கு மேலே வட்டமாக ஒரு பள்ளம், என் கட்டைவிரல் சரியாகப் பொருந்துகிற அளவு. தடவினால் வழவழவென்று இருந்தது, ஓரம் என்று ஒன்றுமே தட்டுப்படவில்லை. படிவத்தில் எழுதினேன்: காது, எலும்பு வளர்ச்சி. நெற்றி, அடி, முழுக்க ஆறியது.