பசையில்லாத அட்டை நாற்காலி: மே முதல் ஜூலை வரை

முதல் நாற்காலியைக் கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித்தான் செய்தேன். ஐந்தில் ஒரு பங்கு அளவு, ஒரு சாண் உயரம்கூட இல்லை. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஏற்கெனவே நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐந்தாவது எதற்கு என்று மனைவி கேட்டாள், பதில் இல்லை. பசையும் ஆணியும் தொடாமல், மடிப்பையும் வெட்டுவாயையும் (பலகையை ஒன்றுக்குள் ஒன்று செருக வெட்டும் பிளவு) வைத்தே ஒரு ஆளை உட்கார வைக்க முடியுமா என்று ஆசை.

அட்டைக்குத் தாராவி. 90 அடி சாலைப் பக்கம் பழைய பெட்டி விற்கும் ஒரு திருநெல்வேலிக்காரரிடம் போனேன்.

"ஃப்ரிட்ஜ் பெட்டி இருக்கா அண்ணாச்சி? நாற்காலி செய்யணும்."

ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அஞ்சு ப்ளை எடுத்துக்கிடுங்க. மூணு ப்ளை தாங்காது தம்பி. ஏற்கெனவே மடிஞ்ச இடத்த ஒதுக்கிருங்க, அது செத்த அட்டை."

ஐந்து ப்ளை என்றால் மூன்று தட்டைத் தாள், நடுவே இரண்டு நெளித்தாள். என் அட்டை 7 மில்லிமீட்டர் கனம் இருந்தது.

வடிவம் எளிது. பாட்டில் பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்கும் தடுப்பு இருக்குமே, அதேதான். நீளவாக்கில் நான்கு பலகை, குறுக்கே நான்கு. உயரம் 42 சென்டிமீட்டர். ஒன்றில் மேலிருந்து பாதி, மற்றதில் கீழிருந்து பாதி வெட்டுவாய். ஓரப் பலகைகள் இரண்டு மட்டும் பின்பக்கம் 80 வரை எழும்பும். அவற்றின்மேல் மடித்த அட்டையை உறைபோல மாட்டினால் சாய்மானம். உட்காரும் இடமும் நாலு பக்கமும் மடித்துக் கவிழ்க்கும் மூடிதான். கரண்டிக் காம்பால் அழுத்திக் கோடு போட்டுவிட்டு மடித்தால் வெடிக்காமல் மடிகிறது.

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியின் 1972 'விகில்' நாற்காலியும் அட்டைதான். ஆனால் அது அடுக்கடுக்காக ஒட்டிய அட்டை. 1963-இல் பீட்டர் மர்டாக் வடிவமைத்த, மடித்துச் செய்யும் குழந்தை நாற்காலிதான் என்னுடையதற்குத் தூரத்து உறவு.

வெட்டுவாய் அகலத்துக்கே ஒரு சனிக்கிழமை போயிற்று. 7 மில்லிமீட்டர் அட்டைக்கு 7 வெட்டினால் முதல் தடவை கச்சிதம், கழற்றி மாட்டினால் லொடலொட. விளிம்பு நசுங்கிவிடுகிறது. 6 வைத்தேன், கொஞ்சம் முக்கி இறக்க வேண்டும், இறங்கினால் அசையாது.

அப்புறம் பெரிய சொதப்பல். அட்டையை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான்கு பலகைகளைப் படுக்கைவாட்டில் வெட்டியிருந்தேன். உட்கார்ந்தேன். சத்தமே இல்லை. லிஃப்ட் இறங்குவது போல மெதுவாகக் கீழே போனேன்.

கோரைப்பாயை நினைத்துப் பாருங்கள். ஒரு வாட்டத்தில் சுருளும், மறு வாட்டத்தில் விறைத்து நிற்கும். அட்டையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் நெளிவு செங்குத்தாக ஓடினால் ஒவ்வொரு அலையும் ஒரு குட்டித் தூண். படுத்திருந்தால் அதே நெளிவுதான் மடிப்புக் கோடாகிவிடுகிறது. எடையைத் தாங்குவது கனம் என்று அதுவரை நினைத்திருந்தேன். வாட்டத்துக்குப் பிறகுதான் கனம். மறுபடி தாராவி. அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை, சிரித்தார்.

புதுப் பலகைகளோடு நின்றது. நான் உட்கார்ந்தேன், பையன் குதித்தான், பிறகு அப்பா. 72 கிலோ. பேப்பரை விரித்து ஒரு பக்கம் படித்து முடித்தார். திருப்பும்போது பின்னால் சாய்ந்தார். சாய்மானம் எழும்பும் மூலையில் 'சர்ர்'. ஓரப் பலகையில் விரல் நீளத்துக்குக் கிழிசல். உள்மூலையைக் கூர்மையாக வெட்டியதுதான் காரணம். சாயும் இழுப்பு மொத்தமும் அந்தப் புள்ளியில் போய் நிற்கிறது. அடுத்த ஜோடியில் அந்த மூலையில் காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்து வளைவாக வரைந்து வெட்டினேன். ஒரு மாதம் ஆகியும் கிழியவில்லை.

ஜூனில் மழை வந்தது. ஒழுகவெல்லாம் இல்லை, காற்றின் ஈரமே போதும்: விறைப்பாக இருந்த பலகை அப்பளம் நமுத்த மாதிரி ஆயிற்று. தினமும் வீடு துடைக்கும் தண்ணீரையும் கீழ் விளிம்பு உறிஞ்சிக்கொண்டது. இரண்டு விரல் உயரத்துக்குக் கறுத்து உப்பியிருந்தது. அந்த அளவை வெட்டி எடுத்து, விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தேன். அடியில் பழைய ரப்பர் செருப்பை நறுக்கி, பள்ளம் கீறிச் செருகினேன். துடைக்கும் தண்ணீர் இப்போது ஏறுவதில்லை. காற்றுக்கு வழி தெரியவில்லை. வார்னிஷ் அடித்துப் பார்க்க வேண்டும்.

பசை இல்லாததன் சௌகரியம் ஜூலையில்தான் புரிந்தது. மொத்தத்தையும் பிரித்துப் பீரோவுக்குப் பின்னால் செருகிவிட்டேன், அக்டோபர் வரைக்கும். அப்பா பிளாஸ்டிக் நாற்காலிக்கே திரும்பிவிட்டார். முதுகு வலிக்கிறதாம்.